மாதரி வீட்டு அடுப்பும் எங்கட போடிங் அடுப்பும்

எங்கட போடிங்கில் ஆறு பேர். இரண்டாம் வருஷம் படிக்கும்போது அதில் ஒருத்தி மச்சம் விட்டாள். மச்சம் விடுவது மட்டக்களப்பில் ஒரு செய்தியே இல்லை. வெள்ளிக்கிழமை விடுவோம், கந்தசஷ்டிக்கு விடுவோம், கண்ணகி அம்மன் சடங்குக்கு விடுவோம். இவள் விட்டது நாள் கிழமை பார்த்து இல்லை. மீனோடு சேர்த்துப் பாலையும் விட்டாள், தயிரையும் விட்டாள், முட்டை போட்ட கேக்கையும் விட்டாள். மிருகத்திடம் இருந்து எடுக்கிற எதையும் இனிச் சாப்பிட மாட்டேன் என்றாள். வீகன் என்ற சொல்லை எங்களில் பாதிப்பேர் அன்றைக்குத்தான் கேட்டோம்.

நாங்கள் சிரித்தோம். "அப்ப கீரைக்கு உயிர் இல்லையா புள்ள?" என்று கேட்டோம். வாவிக்கரையில் பிறந்துபோட்டு மீன் வேணாமாம் என்று கதைத்தோம். அவளுடைய முறை வரும்போது அவள் சமைத்ததைச் சாப்பிட்டோம். எங்கட முறை வரும்போது அவளுக்கென்று ஒன்றையும் மாற்றவில்லை. வெறும் சோறும் பருப்பும் சாப்பிட்டுவிட்டு அவள் எழும்பிப் போன நாட்கள் பல. நாலாவது மாதம் ஒருநாள் தேங்காய்ச் சம்பலில் மாசி இடிச்சுப் போட்டிருந்தோம். சொல்ல மறந்துவிட்டோம். அவள் பாதி சாப்பிட்ட பிறகுதான் தெரிந்தது. "சரி விடு, அதான் முறிஞ்சிட்டே, இனி என்ன" என்று எங்களில் ஒருத்தி சொன்னாள். அடுத்த கிழமை அவள் எங்களோடு மீன் சாப்பிட்டாள். எங்களுக்கு ஏதோ வென்ற மாதிரி இருந்தது.

அவளுக்கு மனஉறுதி காணாது என்பதுதான் அன்றைக்கு நாங்கள் சொன்ன விளக்கம். இப்போது அப்படி நினைக்கவில்லை. ஒரு ஆள் எதைச் சாப்பிடுவது, எதை விடுவது என்பது அந்த ஆளின் மனதுக்குள் மட்டும் முடிவாகிற விஷயம் இல்லை. ஒரே அடுப்பில் கூடச் சமைக்கிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதை வைத்துத்தான் அது நிற்கும், அல்லது விழும். இதை எங்களுக்கு விளங்க வைத்தது சமணர்களைப் பற்றி வாசித்தது. சிலப்பதிகாரத்துக்கு ஒரு அசைன்மென்ட் எழுதப்போய்த்தான் அந்தப் பக்கம் போனோம்.

சமணர் எங்களுக்குத் தூரத்து ஆட்கள் என்று நினைக்க வேண்டாம். இலக்கண வகுப்பில் எங்களை அழவைக்கிற நன்னூலை எழுதிய பவணந்தி முனிவர் சமணர். சீவகசிந்தாமணி பாடிய திருத்தக்கதேவர் சமணர். எங்கட தீவிலும் அவர்கள் இருந்திருக்கிறார்கள். பண்டுகாபய மன்னன் அநுராதபுரத்தில் நிகண்டர்களுக்கு, அதாவது சமணத் துறவிகளுக்கு, இருப்பிடம் கட்டிக்கொடுத்ததாக மகாவம்சம் சொல்கிறது. கிறிஸ்துவுக்கு முந்திய முதலாம் நூற்றாண்டில் வட்டகாமணி அபய மன்னன் கிரி என்ற நிகண்டருடைய மடத்தை இடித்துவிட்டு அந்த இடத்தில்தான் அபயகிரி விகாரையைக் கட்டினான் என்றும் அதே நூல் சொல்கிறது. தமிழ்நாட்டில் விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கக் கிராமங்களில் நயினார் என்று அழைக்கப்படுகிற தமிழ்ச் சமணர் இன்றைக்கும் வாழ்கிறார்கள். பலர் விவசாயக் குடும்பங்கள். மேல்சித்தாமூரில் அவர்களுடைய மடம் இருக்கிறது. இந்தியா முழுக்க எடுத்தாலும் 2011 குடிசன மதிப்பீட்டில் சமணர் ஏறத்தாழ 44 இலட்சத்து 50 ஆயிரம் பேர்தான். நாட்டுச் சனத்தொகையில் அரை வீதம்கூட இல்லை.

இவ்வளவு சின்னச் சமூகம், இவ்வளவு கடுமையான உணவு விதிகளை எப்படிக் காப்பாற்றி வந்தது? இறைச்சி, மீன், முட்டை கிடையாது. தேன் கிடையாது. விதியை முழுக்கக் கடைப்பிடிக்கிறவர்கள் உருளைக்கிழங்கு, கரட், வெங்காயம், உள்ளி என்று மண்ணுக்குக் கீழே விளைகிறதையும் தொடமாட்டார்கள். கிழங்கைப் பிடுங்கினால் செடியே செத்துப்போகும், அதற்குள் எண்ணமுடியாத நுண்ணுயிர்கள் இருக்கின்றன என்பது அவர்களுடைய கணக்கு. பொழுதுபட்ட பிறகு சாப்பிடமாட்டார்கள். விளக்கு வெளிச்சத்துக்கு வருகிற பூச்சி சாப்பாட்டில் விழுந்து சாகும் என்பது காரணம். எங்கட பாஷையில் சொன்னால், போடிங் பிள்ளை ஒன்றுக்கு இது நாலு நாள்கூடத் தாங்காது.

அவர்கள் எல்லோரும் எங்களை விட மனஉறுதி கூடியவர்களாய்ப் பிறக்கிறார்கள் என்று சொல்ல ஏலாது. அவர்கள் செய்தது வேறு. கட்டுப்பாட்டைத் தனி ஆளின் தலையில் சுமத்தாமல் ஊருக்குப் பங்கு போட்டார்கள்.

ஆயம்பில் என்று ஒரு விரதம் அவர்களிடம் இருக்கிறது. ஒரு நாளைக்கு ஒரே தடவை, ஒரே இடத்தில் இருந்து சாப்பிடுவது. அந்தச் சாப்பாட்டில் பால் இல்லை, தயிர் இல்லை, நெய் இல்லை, எண்ணெய் இல்லை, சீனி இல்லை. அவித்த தானியமும் பருப்பும்தான். வருஷத்தில் இரண்டு முறை ஒன்பது ஒன்பது நாளாக இதைச் செய்கிறார்கள். இதை வீட்டில் தனியாகச் செய்வது எவ்வளவு கஷ்டம் என்று நினைச்சுப் பாருங்கள். மற்ற எல்லோருக்கும் நெய்மணக்கச் சமைக்கிற குசினியில் ஒருத்தருக்கு மட்டும் உப்புச் சப்பில்லாத சாப்பாடு. அதனால் சமண மக்கள் கூடுதலாய் வாழ்கிற இந்திய நகரங்களில் ஆயம்பில் சாலைகள் இருக்கின்றன. விரதக்காரர் அங்கே போனால் அவர்களுக்கென்றே சமைத்த சாப்பாடு இருக்கும். செலவைச் சமூகத்தில் வசதியானவர்கள் ஏற்பார்கள். பக்கத்தில் இருந்து அதே சாப்பாட்டைச் சாப்பிட இன்னும் பலர் இருப்பார்கள்.

அதோடு சமணத்தில் ஒரு எண்ணம் உண்டு. ஒரு செயலை நீ செய்வது, பிறரைக் கொண்டு செய்விப்பது, பிறர் செய்வதற்கு மனதால் உடன்படுவது, மூன்றுக்கும் வினை உண்டு. தீமைக்கு மட்டும் இல்லை, நன்மைக்கும் இதே கணக்குத்தான். விரதம் இருக்கிறவருக்கு எவ்வளவு புண்ணியமோ, அவருக்குச் சமைத்துக் கொடுத்தவருக்கும், அதைப் பார்த்து மனதார மகிழ்ந்தவருக்கும் அதில் பங்கு உண்டு. நாங்கள் எங்கட தோழிக்குச் செய்ததை இந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தால், நாங்கள் மீன் சாப்பிட்டது ஒரு பக்கம் இருக்கட்டும், அவள் தோற்றதில் மகிழ்ந்தோமே, அதற்கும் கணக்கு இருக்கிறது.

ஆனால் சமணரையும் தலையில் தூக்கி வைக்கத் தேவை இல்லை. அவர்களுடைய ஆதரவும் ஒரு இடத்தில் நின்றுபோகிறது. அந்த இடம் பால்.

வீகன் என்ற சொல்லை இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் அவருடைய கூட்டாளிகளும் உண்டாக்கியது 1944இல். சமணர் அதற்கு எத்தனையோ நூற்றாண்டுக்கு முதலே கொல்லாமை பேசியவர்கள். என்றாலும் பாலும் நெய்யும் அவர்களுடைய வீட்டிலும் கோயிலிலும் ஊறிப்போனவை. வட அமெரிக்கச் சமண சங்கங்களின் கூட்டமைப்பில் கல்விப் பொறுப்பில் இருந்த பிரவீன் ஷா, 1995இல் அமெரிக்காவின் வெர்மொன்ட் மாநிலத்தில் ஒரு பால் பண்ணையைப் போய்ப் பார்த்தார். கன்றைத் தாயிடம் இருந்து பிரிப்பது, ஆண் கன்றை இறைச்சிக்கு அனுப்புவது, கறவை வற்றிய பசுவையும் அதே வழியில் அனுப்புவது எல்லாவற்றையும் அறிந்துகொண்டு, பால் சாப்பிடுவதை விட்டார். அதைப் பற்றி எழுதினார். அவரைப் போலப் பாலை விடுகிற இளம் சமணர் இன்றைக்கு அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் இந்தியாவிலும் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொந்தச் சமூகத்துக்குள்ளேயே எதிர்ப்பும் இருக்கிறது. எங்கட பெரியவர்கள் பால் குடிக்கவில்லையா, நீ அவர்களை விடப் பெரிய ஆளா என்ற கேள்வி வருகிறது. உருளைக்கிழங்கு சாப்பிடாதவனுக்குத் தனியாகச் சமைத்துக் கொடுக்கிற அதே வீடு, பால் வேண்டாம் என்கிற பிள்ளையைப் பார்த்து முகம் சுழிக்கிறது. பழக்கப்பட்ட கட்டுப்பாட்டுக்குக் கிடைக்கிற ஆதரவு புதுக் கட்டுப்பாட்டுக்குக் கிடைக்காது என்பது அங்கேயும் உண்மை.

ஆதரவு முற்றினால் அதிகாரமாகவும் மாறும். சமணரின் பர்யூஷண நாட்களை ஒட்டி அகமதாபாத்தில் ஒன்பது நாள் இறைச்சிக் கொல்களத்தை மூடியது சரி என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2008இல் தீர்ப்பளித்தது. 2015இல் அதே நாட்களில் மும்பையில் இறைச்சி விற்கத் தடை போட்டபோது பெரிய எதிர்ப்பு வந்தது. விஷயம் உயர் நீதிமன்றம் வரைக்கும் போனது. மச்சம் சாப்பிடுகிறவர்களுக்கு வீடு வாடகைக்கு இல்லை என்று சொல்கிற மாடிக் குடியிருப்புகளும் மும்பையில் உண்டு. என் ஆளுக்குச் சமைத்துக் கொடுப்பேன் என்பது ஒன்று. என் ஆள் விட்டதை நீயும் விடு என்பது முற்றிலும் வேறு. நாங்கள் கேட்பது முதலாவதை மட்டும்தான்.

இனி எங்கட ஊருக்கு வருவோம்.

வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களின் கதவு திறக்கும். காரைதீவு, தம்பிலுவில், செட்டிபாளையம், ஆரையம்பதி என்று வாவியை ஒட்டியும் கடலை ஒட்டியும் இருக்கிற ஊர்களில் சடங்கு நாட்களில் வீடு கழுவி, சட்டிபானை விளக்கி, மச்சம் காய்ச்சாமல் இருப்பார்கள். கண்ணகி வழக்குரை படிப்பார்கள். குளுத்தி முடியும்வரை இப்படித்தான். வருஷம் முழுக்க மீன் இல்லாமல் சோறு இறங்காத அதே ஆட்கள்தான். அந்த நாட்களில் யாரும் கஷ்டம் என்று சொல்லமாட்டார்கள். ஏனென்றால் பக்கத்து வீட்டிலும் மணக்காது, எதிர்வீட்டிலும் மணக்காது, சின்னப் பிள்ளை மீன் கேட்டால் அம்மம்மா சமாளிப்பா. ஊரே சேர்ந்து செய்வதால் அது இலேசாக இருக்கிறது. ஆயம்பில் சாலையில் நடப்பதும் இதுதான். ஆகவே ஒரு ஆளின் கட்டுப்பாட்டை எப்படித் தாங்கிப்பிடிப்பது என்று மட்டக்களப்பு ஆட்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவை இல்லை.

எங்கட போடிங்குக்கும் அது தெரிந்துதான் இருந்தது. ஆறு பேரில் ஒருத்தி முஸ்லிம். அவள் எங்களோடு சாப்பிட வேண்டும் என்பதற்காக இறைச்சி வாங்கினால் ஏறாவூரில் ஹலால் கடையில்தான் வாங்குவோம். நோன்பு காலத்தில் சஹருக்கு அவளோடு எழும்பிச் சோறு சூடாக்கிக் கொடுத்திருக்கிறோம். அதை ஒரு தியாகமாகவே நாங்கள் நினைக்கவில்லை. அப்படியானால் மற்றவளுடைய சம்பலில் மாசி போடாமல் இருக்க ஏன் எங்களால் ஏலாமல் போனது? யோசித்துப் பார்த்தால் பதில் வெட்கமாக இருக்கிறது. அவளுடைய கட்டுப்பாட்டுக்குப் பின்னால் ஒரு சமயம் இல்லை. அம்மனுக்கு விட்டேன் என்று சொல்லியிருந்தால் பயந்தாவது மரியாதை கொடுத்திருப்போம். மாடு பாவம் என்று மட்டும் சொன்னபடியால் சிரித்தோம். ஒருவரின் மனச்சாட்சி சாமியின் பெயரில் வந்தால்தான் மதிப்போம் என்றால், நாங்கள் மதிப்பது மனச்சாட்சியை இல்லை.

இந்த இடத்தில்தான் சிலப்பதிகாரம் எங்களைப் பிடித்து நிறுத்தியது. புகாரில் இருந்து மதுரைக்கு நடந்த கோவலனுக்கும் கண்ணகிக்கும் வழித்துணையாக வந்தவர் கவுந்தியடிகள் என்ற சமணத் துறவி. மதுரைக்கு வெளியே ஆயர்கள் குடியிருப்பில் மாதரி என்ற இடைச்சியிடம் கண்ணகியை அடைக்கலமாக ஒப்படைக்கிறவரும் அவர்தான். பசுவைப் பேணி அதன் பயனைக் கொடுத்து வாழ்கிற ஆயர் வாழ்க்கையில் கொடுமை இல்லை என்பது அவருடைய எண்ணம். மாதரி சமணச்சி இல்லை. ஆனால் கோவலன் சமண நோன்பு காக்கிறவன், பகலிலேயே சாப்பிட வேண்டியவன். அதனால் அந்த நோன்புக்கு ஏற்றபடி சமைக்க நல்ல பாத்திரங்களைச் சுணங்காமல் கொடுக்கச் சொல்லி அங்கே பேச்சு வருகிறது. ஆயர் வீட்டில் இருந்து பலாக்காய், வெள்ளரிக்காய், மாம்பழம், வாழைப்பழம், அரிசி, பால் எல்லாம் வருகின்றன. கண்ணகி சமைக்கிறாள். கோவலன் உயிரோடு சாப்பிட்ட கடைசிச் சாப்பாடு அது.

மாதரி கேள்வி கேட்கவில்லை. நீங்கள் ஏன் இரவில் சாப்பிடமாட்டீர்கள், எங்கட சட்டியில் என்ன குறை என்று வாதாடவில்லை. தன் வழியை விட்டு அவனுடைய வழிக்கும் போகவில்லை. வந்தவர்களுக்கு என்ன தேவையோ அதைக் கொடுத்தாள். எங்கட கண்ணகி அம்மனின் கதைக்குள்ளேயே இப்படி ஒரு அடுப்பு எரிந்திருக்கிறது. சமூக ஆதரவு என்று பெரிய பெயர் வைத்து நாங்கள் கதைக்கிறது இந்த அடுப்பைத்தான்.

மாதரி மாதிரி ஒரு ஆளை நாங்கள் நேரிலும் பார்த்தோம். எங்கட வந்தாறுமூலைக்குப் பக்கத்து ஊர் சித்தாண்டி. மாதவனை, மயிலத்தமடு மேய்ச்சல் தரையை மீட்டுத்தரச் சொல்லிப் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் அங்கே போராட்டம் தொடங்கினார்கள். ஒரு வருஷம் தாண்டியும் அது நடந்தது. பெரும்போகத்தில் வயல் விதைத்த பிறகு மாடுகளை ஊருக்குள் வைத்திருக்க ஏலாது. பட்டி பட்டியாக மேய்ச்சல் தரைக்குச் சாய்த்துப் போகவேண்டும். அந்தத் தரையில் வெளியில் இருந்து வந்தவர்கள் பயிர் செய்யத் தொடங்கியதும், மாடுகளுக்குப் போக இடம் இல்லாமல் போனது. மாடுகளைச் சுட்டும் வெட்டியும் கொன்றார்கள் என்று பண்ணையாளர்கள் முறையிட்டார்கள். ஆதரவு கொடுக்கப்போன கிழக்குப் பல்கலைக்கழக மாணவர்கள் சிலர் 2023 நவம்பரில் கைதானதும் எல்லோருக்கும் தெரியும்.

நாங்கள் பிறகு ஒருநாள் போயிருந்தபோது அவளும் வந்தாள். அப்போது அவள் இன்னும் வீகன். கொட்டிலில் இருந்த வயதான பண்ணையாளர் ஒருவர் எல்லோருக்கும் பால் தேத்தண்ணி கொடுத்தார். அவள் தயங்கித் தயங்கித் தான் பால் குடிக்கிறது இல்லை என்றாள். எங்களுக்குப் பக்கென்றது. பாலால் வாழ்கிற மனிசனிடம், அதுவும் அவருடைய போராட்டக் கொட்டிலில் இருந்து, சொல்கிற கதையா இது? அவர் ஒரு நிமிஷம் அவளைப் பார்த்தார். "ஏன் மனே, வயித்துக்கு ஒத்துக்காதா?" என்றார். மாடு பாவம் என்று அவள் சொன்னாள். அவர் சிரித்தார். நாங்கள் சிரித்த மாதிரி இல்லை. "மாட்டுக்காகத்தானே நீயும் இஞ்ச வந்திரிக்காய். பால் குடிக்காட்டி என்ன, இந்தா பிளேன்டீ குடி" என்று வேறு கோப்பையில் ஊற்றிக் கொடுத்தார். நாங்கள் நாலு மாதத்தில் ஒரு தடவைகூடச் செய்யாததை அவர் ஒரு நிமிஷத்தில் செய்தார்.

அதற்காக அந்தக் கோப்பை எல்லாக் கேள்விக்கும் பதில் என்று சொல்லவில்லை. பாலில் கொடுமை இருக்கிறதா என்ற கேள்வியை நாங்கள் ஒளிக்க விரும்பவில்லை. வெர்மொன்ட் பண்ணையும் எங்கட பட்டியும் ஒன்று இல்லை. இங்கே மாடு திறந்த வெளியில் மேய்கிறது, கன்று தாயின் பக்கத்தில் வளர்கிறது. என்றாலும் கறப்பதற்காகக் கன்றைக் கட்டி வைக்கிறோம். கடாக்கன்று வளர்ந்து கடைசியில் எங்கே போகிறது என்பது பட்டிக்காரருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். சட்டித் தயிரில் பாணி ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, நாங்கள் சைவம் என்று மாட்டிறைச்சி சாப்பிடுகிறவரை இழிவாகப் பார்க்கிற பழக்கம் எங்கட வீடுகளில் இருக்கிறது. தயிரும் இறைச்சியும் ஒரே மாட்டுப்பட்டியில் இருந்துதான் வருகின்றன. வீகன் ஆட்கள் சொல்கிற இந்த உண்மையைக் கேட்டுக்கொள்ளும் நேர்மையாவது எங்களுக்கு வேண்டும்.

அதே நேரம் மாட்டின் மேல் இரக்கம் என்ற பெயரில் எங்கட நாட்டில் என்ன நடந்தது என்பதையும் மறக்க ஏலாது. 2020 செப்டெம்பரில் மாடறுப்பைத் தடை செய்யும் யோசனைக்கு அமைச்சரவை இணங்கியது. அதே வருஷம்தான் கொவிட்டால் இறந்த முஸ்லிம்களின் உடல்களைக் குடும்பத்தின் விருப்பத்தை மீறி எரித்தார்கள். மனிசரிடம் காட்டாத இரக்கம் மாட்டிடம் வந்ததை நம்ப எங்களால் முடியவில்லை. மூன்று வருஷம் கழித்து மயிலத்தமட்டில் மாடு செத்தபோது அந்த இரக்கக்காரர்களைச் சித்தாண்டிப் பக்கம் காணவும் இல்லை. மாட்டில் உண்மையாகவே அன்புள்ள ஆள், பால் குடித்தாலும் சரி, குடிக்காவிட்டாலும் சரி, முதலில் நிற்கவேண்டிய இடம் அந்த மேய்ச்சல் தரை. எங்கட தோழி அங்கே நின்றாள்.

வீகனாக மாற நினைக்கிறவர்களிடமும் ஒன்று சொல்லவேண்டும். வாவியில் வலை போட்டு அன்றாடம் பிழைக்கிற வீட்டுக்குப் போய் மீனை விடு என்று பிரசங்கம் பண்ணாதீர்கள். விடுவது என்றால் விட வசதி உள்ளவர் முதலில் விடட்டும். எங்களைப் போன்ற மாணவர்களுக்கு அது நினைக்கிற அளவுக்குச் செலவான விஷயமும் இல்லை. பாதாம் பாலும் வெளிநாட்டுச் சீஸும் தேடிப்போகத் தேவை இல்லை. புட்டும் தேங்காய்ப்பால் சொதியும், பருப்பும், முருங்கையிலைச் சுண்டலும், பூசணிக்காய்க் கறியும், பலாக்கொட்டைப் பிரட்டலும் எந்த மிருகத்தையும் தொடாத சாப்பாடுதான். 2022இல் பால்மா தட்டுப்பாடு வந்தபோது இந்த நாடே பிளேன்டீக்கு மாறியது. அன்றைக்கு வேறு வழியில்லாமல் குடித்ததை இன்றைக்கு ஒருத்தி விரும்பிக் குடித்தால் ஏன் சிரிக்கவேண்டும்?

கடைசியாக ஒரு எச்சரிக்கை. தனிச்சட்டி, தனிக்கோப்பை என்று நாங்கள் இலேசாக எழுதிவிட்டோம். எங்கட சமூகத்தில் அந்தச் சொற்களுக்கு ஒரு அசிங்கமான வரலாறு இருக்கிறது. சாதி பார்த்துத் தேத்தண்ணிக் கடையில் தனிக் கோப்பை வைத்தார்கள். 1960களில் யாழ்ப்பாணத்தில் தேநீர்க்கடைப் பிரவேசப் போராட்டம் நடத்தித்தான் அதை உடைக்கவேண்டி வந்தது. இன்றைக்கும் சுத்தம், ஆசாரம் என்ற பெயரில் யாரோ ஒருவருக்கு வேறு கோப்பை எடுக்கிற வீடுகள் இருக்கின்றன. அந்தக் கோப்பைக்கும் சித்தாண்டிக் கோப்பைக்கும் என்ன வித்தியாசம்? யார் கேட்டது என்பதுதான். உன்னால் என் சட்டி தீட்டுப்படும் என்று நான் உனக்குத் தனிச்சட்டி தந்தால் அது அவமானம். எனக்கு இப்படி ஒரு கட்டுப்பாடு இருக்கிறது என்று நீ கேட்டு, அதற்காக நான் ஒரு சட்டி ஒதுக்கினால் அது அன்பு. சைவம் என்பதை வைத்து அடுத்தவரைத் தள்ளி வைக்கிற நிமிஷத்தில் அதில் இருந்த கொல்லாமை செத்துப்போகிறது.

இந்தத் தவணை தொடங்கும்போது நாங்கள் அவளிடம் மன்னிப்புக் கேட்டோம். பர்யூஷணம் முடிகிற நாளில் சமணர் ஒருவரிடம் ஒருவர் அப்படிக் கேட்பார்களாம் என்று ஒருத்தி வாசித்துவிட்டுச் சொன்னாள். கேட்கும்போது எல்லோருக்கும் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. அவள், "சும்மா போங்கடி, முதல்ல சம்பலப் பாருங்க" என்றாள். மறுகா அவள் திரும்பவும் தொடங்கியிருக்கிறாள். ஆளுக்கு நூறு ரூபா போட்டு ஒரு மண்சட்டி வாங்கினோம். சமையல் முறை யாருடையதாக இருந்தாலும் ஒரு கறி எல்லோருக்கும் பொதுவாக, மச்சமும் பாலும் இல்லாமல் அந்தச் சட்டியில் வேகும். எங்களில் நாலு பேர் இன்னும் மீன் சாப்பிடுகிறோம். அதை அவள் ஒன்றும் சொல்வதில்லை. மாசிப் போத்தலைக் கீழ்த்தட்டுக்கு மாற்றி, மேலே பெயர் எழுதி ஒட்டியிருக்கிறோம்.